வெளிநாட்டுக் கல்யாணத்துக்கு மலையிலிருந்து கிளம்புகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

முன்பெல்லாம் சொந்தத்தில் கல்யாணம் என்றால் மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கினால் போதும். இப்போது பிள்ளைகள் வேலை பார்க்கிற சிங்கப்பூரிலோ துபாயிலோ முகூர்த்தம் வைக்கிறார்கள். சிலர் தாய்லாந்துக் கடற்கரைக்கே அழைக்கிறார்கள். பத்திரிகை கைக்கு வந்ததும் இங்கே குன்னூரில் நாம் முதலில் புடவை எடுக்கத்தான் ஓடுகிறோம். பீரோவில் இருக்கும் பாஸ்போர்ட்டைக் கடைசியில்தான் திறந்து பார்க்கிறோம். நான் பார்த்தவரை பயணம் கெடுவது போன ஊரில் இல்லை. வீட்டிலும் மலைப்பாதையிலுமே கெட்டுவிடுகிறது.

முதல் தவறு பெயரில். நமக்கு இனிஷியல்தான் வழக்கம். பாஸ்போர்ட்டுக்கு அது புரியாது. அதில் குடும்பப் பெயர் (Surname), இடப்பட்ட பெயர் (Given Name) என்று இரண்டு கட்டங்கள். அப்பா பெயரைச் சிலர் முதல் கட்டத்தில் போட்டிருப்பார்கள், சிலர் அதை வெறுமையாகவே விட்டிருப்பார்கள். எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்குப் பதினான்கு பேருக்கு மொத்தமாக டிக்கெட் போட்டபோது, அத்தை பெயரை வாட்ஸ்அப்பில் வந்தபடியே தட்டிவிட்டார்கள். வீட்டில் கூப்பிடும் பெயர் அது. திருத்துவதற்குள் எல்லோருக்கும் உயிர் போய்விட்டது. பெயரை யாரிடமும் வாயால் கேட்காதீர்கள். பாஸ்போர்ட் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லி, எழுத்துக்கு எழுத்து பார்த்து டிக்கெட் போடுங்கள்.

துபாய் போகிறவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் விதி கொண்டுவந்தது. பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கிறோம் என்று பிறகு விளக்கமும் வந்தது. டிக்கெட் எடுக்கும் முன்பே விமான நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.

பாஸ்போர்ட் காலாவதியாக இன்னும் நான்கு மாதம் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பதும் தவறுதான். பல நாடுகள் ஆறு மாதமாவது மீதம் இருக்க வேண்டும் என்கின்றன. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூன்றுக்கும் போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கிற தளம் அரசாங்கத் தளம் இல்லை.

சரி, இனி மலை இறங்குகிற விஷயம். இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. முகூர்த்தங்கள் நிறைந்த ஐப்பசியும் கார்த்திகையும்தான் இங்கே வடகிழக்குப் பருவமழைக் காலமும். குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலையில் பர்லியாறு பக்கம் மண் சரிந்தாலோ மரம் விழுந்தாலோ வண்டிகள் கோத்தகிரி வழியாகத் திரும்பும். சில நாள் அந்த வழியும் அடைபடும். ஏப்ரல், மே என்றால் மழைக்குப் பதில் சீசன் நெரிசல். காலையில் விமானம், விடியற்காலையில் கிளம்பினால் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். முந்தின நாளே கோவையில் இறங்கி, உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ தங்கிவிடுங்கள். மலை ரயிலை நம்பி விமானம் பிடிக்கப் போகவே வேண்டாம். மழைக்காலத்தில் அது அடிக்கடி ரத்தாகும். கூடலூர்ப் பக்கமிருந்து பெங்களூர் போய் ஏறுகிறவர்கள், பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும் என்பதைத் திரும்பி வரும் நாளுக்கும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

தேதியிலும் ஏமாறுவோம். 18ஆம் தேதி நள்ளிரவு 12.40க்கு விமானம் என்றால், 17ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளிப் போய் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அப்புறம் பெட்டி. சீர்த்தட்டுக்கு என்று நாம் ஆசையாக எடுத்து வைக்கிற பொருள்களே மாட்டிக்கொள்ளும். கற்பூரம் எளிதில் தீப்பற்றும், விமானத்தில் ஏற்றக் கூடாது. கொப்பரையில் எண்ணெய் அதிகம். தானாகச் சூடேறக்கூடியது என்பதால் செக்-இன் பெட்டியில் விட மாட்டார்கள். நம் ஊர் அன்பளிப்பு என்று நீலகிரித் தைலம் ஒரு பாட்டில் வைப்போம். அதுவும் தீப்பற்றும் எண்ணெய்தான், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் எந்தத் திரவமும் போகாது. விமான நிறுவனத்தைக் கேட்காமல் வைக்காதீர்கள். அதற்குப் பதில் தேயிலைத்தூளும் வர்க்கியும் கொண்டுபோங்கள், வாங்குகிறவர்களுக்கும் சந்தோஷம். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பயப்பட வேண்டியது கசகசாவுக்கு. நமக்கு அது குருமாவுக்கு அரைக்கிற சாமான். சிங்கப்பூரிலும் அமீரகத்திலும் போதைப்பொருள் சட்டத்தில் வருகிறது. வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கலந்திருந்தாலும் வம்புதான். என் சித்தி கட்டிய பெட்டியை முதல் நாள் இரவு பிரித்து அந்தப் பொட்டலத்தை எடுத்தோம். அவருக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனாலும் எடுத்தது சரி. கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் போன்ற வலி மாத்திரைகளுக்கும் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் சீட்டு இருந்தாலும் சில மருந்துக்கு முன்அனுமதி தேவைப்படும்.

நகை போட்டுப் போகிறவர்கள் கிளம்பும் விமான நிலையத்தில் சுங்கத்துறையிடம் ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது அது இங்கிருந்து கொண்டுபோன நகைதான் என்று காட்ட அதுதான் கைகொடுக்கும். தீர்வை இல்லாமல் நகை கொண்டுவரும் சலுகை ஒரு வருஷத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவர்களுக்குத்தான். நாலு நாள் கல்யாணத்துக்குப் போன நமக்கு இல்லை. மொய்க் கவருக்கு என்று நம் ரூபாயை ஆளுக்கு 25,000-க்கு மேல் எடுத்துப் போகவும் கூடாது.

துணிமணி பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். நம் குளிருக்குப் பழகிய உடம்புக்குக் கடற்கரை வெயிலில் கனமான பட்டு தாங்காது, ஒரு மெல்லிய புடவையும் இருக்கட்டும்.

கூட வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவர் பையிலும் ஒரு தாள் வைத்து, தங்கும் விடுதியின் பெயர், முகவரி, அங்கே நமக்குத் தெரிந்தவர் எண், சாப்பிடுகிற மாத்திரைகளின் பெயர் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் எழுதிவிடுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அந்தத் தாள் இருக்கும்.