பழைய விண்டோஸ் கணினியில் பெரிய வன்தட்டைப் பொருத்தும் முறை

விண்டோஸ் 98, எக்ஸ்பி போன்ற பழைய இயங்குதளங்களை மியன்மாரின் யாங்கூனிலும் தன்லினிலும் நம் தமிழர்கள் சிலர் இன்றும் விடாமல் வைத்திருப்பதற்கு நியாயமான காரணம் உண்டு. யூனிகோடு பரவுவதற்கு முன் தட்டச்சு செய்த கோயில் திருவிழா அழைப்பிதழ்களும், தமிழ் வகுப்புகளுக்கான பாடத்தாள்களும், சங்கக் கணக்குகளும் அன்றைய எழுத்துருக்களோடும் மென்பொருளோடும் பிணைந்து கிடக்கின்றன. புதிய கணினியில் திறந்தால் எழுத்துகள் குழம்பிப்போகின்றன. ஆனால் கணினி தாக்குப்பிடிக்கும் அளவுக்கு அதன் வன்தட்டு தாக்குப்பிடிப்பதில்லை. மாற்று தேடிப் போனால் கைக்குக் கிடைப்பது பெரும்பாலும் 160 அல்லது 250 ஜிகாபைட் வன்தட்டு. அதை அப்படியே மாட்டிவிடுவதுதான் ஆபத்து.

கொள்ளளவின் எல்லை ஓரிடத்தில் மட்டும் இருப்பதில்லை. தாய்ப்பலகையில் பதிந்திருந்து கணினியைத் தொடக்கிவைக்கும் மென்பொருளான பயாஸ், இயங்குதளம் வன்தட்டோடு பேசப் பயன்படுத்தும் டிரைவர், வன்தட்டைப் பிரித்து வைக்கும் முறை ஆகிய மூன்றுக்கும் தனித்தனி எல்லைகள் உண்டு. அவற்றில் எது மிகச் சிறியதோ அதுவே உங்கள் கணினியின் எல்லை என்று கொள்ளுங்கள்.

மிகப் பழைய எல்லைகளைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை, ஏனெனில் அவை உடனே வெளிப்பட்டுவிடும். தொடக்ககால பயாஸ்கள் 528 மெகாபைட்டோடும், அடுத்து வந்தவை 8.4 ஜிகாபைட்டோடும் நின்றுவிட்டன. டாஸும் முதல் விண்டோஸ் 95-உம் பயன்படுத்திய ஃபாட்16 என்ற கோப்பு ஒழுங்கு முறையில் வன்தட்டின் ஒரு பிரிவு 2 ஜிகாபைட்டுக்கு மேல் போகாது. அதன் அடுத்த வடிவமான ஃபாட்32 வந்தது 1996-இல் வெளியான விண்டோஸ் 95-இன் இரண்டாம் பதிப்போடுதான். 1999-க்கு முற்பட்ட சில பயாஸ்கள் 32 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டைக் கண்டதும் திரையில் அப்படியே உறைந்து நின்றுவிடும். இதற்காகவே பல ஐ.டி.இ. (அகன்ற பட்டைக் கம்பியால் இணையும் பழைய வகை) வன்தட்டுகளின் பின்புறம் கொள்ளளவை 32 ஜிகாபைட்டாகக் குறைத்துக் காட்டும் ஜம்பர் என்ற சிறு செருகி ஒன்று இருக்கும்.

வன்தட்டைப் பிரிப்பதற்காக விண்டோஸ் 98-உடன் வந்த எஃப்டிஸ்க் கருவியில் வேறொரு கோளாறு உண்டு. 64 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட வன்தட்டின் அளவில் 64 ஜிகாபைட்டைக் கழித்துவிட்டு மீதியை மட்டும் அது காட்டும். 80 ஜிகாபைட் வன்தட்டைப் பொருத்தினால் திரையில் ஏறத்தாழ 10,780 மெகாபைட் என்றே தெரியும். வன்தட்டு பழுது என்று எண்ணித் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் பின்னர் வெளியிட்ட திருத்திய எஃப்டிஸ்க்கையோ, லினக்ஸ் குறுவட்டு ஒன்றையோ கொண்டு பிரித்தால் சரியாக வரும்.

எனக்கு உண்மையில் அச்சம் தருவது 137 ஜிகாபைட் எல்லை. அன்றைய ஐ.டி.இ. முறை, வன்தட்டின் சிறு சேமிப்புக் கட்டமான செக்டார் ஒவ்வொன்றுக்கும் 28 பிட் எண் ஒன்றை முகவரியாக வைத்தது. அந்த எண்ணால் 26,84,35,456 செக்டார்களை மட்டுமே குறிக்க முடியும். ஒவ்வொன்றும் 512 பைட் என்பதால் மொத்தம் 137 ஜிகாபைட் ஆகிறது. விண்டோஸ் 98-இன் டிரைவர் இதைத் தாண்டிய இடத்தில் எழுத முற்படும்போது முகவரியின் மேல் பிட்டுகள் உதிர்ந்து, எழுத வேண்டிய தரவு வன்தட்டின் தொடக்கத்திலேயே போய் விழுகிறது. அங்கே இருப்பவை பிரிவு அட்டவணையும் கோப்பு அட்டவணையும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. மாதக்கணக்கில் எல்லாம் ஒழுங்காக நடப்பதுபோலத் தோன்றி, வன்தட்டு நிரம்பி அந்தக் கோட்டைத் தொடும் நாளில் அத்தனை கோப்புகளும் ஒன்றாகத் தொலையும்.

ஆகவே வன்தட்டை வாங்கும்போதே அதன் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள். பல நிறுவனங்கள் எல்.பி.ஏ. என்ற பெயரில் செக்டார் எண்ணிக்கையை அச்சிடுகின்றன. 120 ஜிகாபைட் வன்தட்டில் அது 23,44,41,648 என இருக்கும், இது பாதுகாப்பானது. 160 ஜிகாபைட்டில் 31,25,81,808 என இருக்கும். விண்டோஸ் 98-க்கு இது ஆகாது. பெரியதுதான் கிடைக்கிறது என்றால், லினக்ஸ் இயங்கும் கணினியின் தாய்ப்பலகையில் நேரடியாக இணைத்து, எச்டிபார்ம் (hdparm) என்ற கட்டளைக் கருவியால் அதன் அளவை நிலையாக 120 ஜிகாபைட்டாகக் குறைத்துவிடுங்கள். வெறுமனே சிறிய பிரிவு ஒன்றை உருவாக்கிவிட்டு மீதியைக் காலியாக விடுவதும் வேலை செய்யும்; ஆனால் பின்னாளில் வேறொருவர் அந்தக் காலியிடத்தைப் பார்த்துப் பிரிவு போட்டுவிடக்கூடும் என்பதால் முந்தைய வழியையே நான் விரும்புகிறேன்.

எக்ஸ்பிக்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. 2002-இல் வந்த சர்வீஸ் பேக் 1 என்ற திருத்தத் தொகுப்பு முதல் 48 பிட் முகவரியை அது ஏற்கிறது. பயாஸும் ஏற்க வேண்டும். சர்வீஸ் பேக் இல்லாத பழைய குறுவட்டிலிருந்து நிறுவுவோர் முதலில் 100 ஜிகாபைட் அளவில் ஒரு பிரிவை உருவாக்கி, அதில் எக்ஸ்பியை நிறுவி, சர்வீஸ் பேக்கைப் போட்டு, அதன் பிறகே மீதி இடத்தை இரண்டாம் பிரிவாக்க வேண்டும். விண்டோஸ் 2000-க்கு சர்வீஸ் பேக் 3 மட்டும் போதாது. விண்டோஸின் அமைப்புத் தரவுத்தளமான ரெஜிஸ்ட்ரியில் எனேபிள்பிக்எல்பிஏ (EnableBigLba) என்ற மதிப்பையும் 1 என வைக்க வேண்டும். பெரிய வன்தட்டுகளைப் பிரிக்கும் புதிய முறையான ஜி.பி.டி.யை 32 பிட் எக்ஸ்பி படிக்காது என்பதால், வழக்கமான 512 பைட் செக்டார்களில் 2.2 டெராபைட்டுக்கு மேல் பயனில்லை.

பழைய வன்தட்டிலிருந்து நகலெடுக்கும்போது கணினியை யூ.பி.எஸ்-இல் இணைத்தே வேலையைத் தொடங்குங்கள். நகல் பாதியில் இருக்க மின்சாரம் போனால், ஏற்கெனவே தள்ளாடும் வன்தட்டு மறுபடி எழாமல் போகலாம். எக்ஸ்பியில் 137 ஜிகாபைட்டைத் தாண்டிப் பயன்படுத்தப் போகிறவர்கள், உண்மையான கோப்புகளை ஏற்றுமுன் பெரிய கோப்புகளைத் திரும்பத் திரும்ப நகலெடுத்து எல்லாப் பிரிவுகளையும் முழுவதும் நிரப்புங்கள். பின்பு கணினியை அணைத்துப் போட்டு, முதலில் ஏற்றிய கோப்புகள் பழுதின்றித் திறக்கின்றனவா என்று பாருங்கள். திறந்தால் அவற்றை அழித்துவிட்டு உங்கள் கோப்புகளை ஏற்றலாம். பழைய வன்தட்டை மட்டும் அழிக்காமல் எடுத்து வையுங்கள்.