பீட் வெபர் மாதிரி வாயைத் திறக்காதீர்கள்: பவுலிங் ஸ்பான்சர் ஒப்பந்தத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பவுலர் என்றதும் நமக்கு கிரிக்கெட்தான் நினைவுக்கு வரும். இங்கே பேசுவது பத்து பின்களைச் சாய்க்கும் அமெரிக்க பவுலிங் பற்றி. பரிசுப்பணத்தை மட்டும் நம்பி அங்கே பிழைப்பது சிரமம். பந்து தயாரிக்கும் கம்பெனியின் ஒப்பந்தமும் வேண்டும். 1964-லேயே டான் கார்ட்டர் என்ற வீரர், பந்து தயாரிக்கும் எபோனைட் கம்பெனியோடு 10 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டார்.

இளம் வீரர்கள் செய்யும் பெரிய தவறு, அமெரிக்க பவுலிங் வீரர் பீட் வெபரைக் காப்பியடிப்பது. 2012 பவுலிங் யூ.எஸ். ஓபன் இறுதியில் கடைசிப் பந்தில் ஸ்ட்ரைக் அடித்து, அதாவது பத்து பின்களையும் ஒரே வீச்சில் சாய்த்து, மைக் ஃபேகனை 215-214 என்று வென்றார் வெபர். உடனே, "நீ யாருன்னு நினைச்சே? நான்தான்!" என்ற பொருளில் கத்தினார். ஆங்கிலத்திலும் அதற்கு அர்த்தம் கிடையாது! ஆனாலும் அந்த வீடியோ இன்றும் சுற்றுகிறது. சரி, அலப்பறை செய்தால் ஸ்பான்சர் தேடி வருவார் என்று தோன்றத்தானே செய்யும்? ஆனால் அது அவருக்கு ஐந்தாவது யூ.எஸ். ஓபன் பட்டம். தொழில்முறைப் போட்டிகளில் மொத்தம் 37 பட்டங்கள் வென்றவர். அவரையே நடத்தை சரியில்லை என்று 2000-ல் ஆறு மாதம் போட்டிகளிலிருந்து விலக்கி வைத்தார்கள். வீரர் டிவியில் வராவிட்டால் சட்டையில் இருக்கும் லோகோவும் வராது. கம்பெனி பணம் கொடுப்பதே அதற்குத்தான்.

தோற்றதும் மைக்கைப் பிடித்து "பந்து சரியில்லை" என்பது அடுத்த தவறு. அதற்குப் பதில், லேனில் (பந்து உருளும் பாதையில்) பூசிய எண்ணெய் காய்ந்துவிட்டது என்றோ, தப்பான பந்தை எடுத்துவிட்டேன் என்றோ சொல்லலாம். கம்பெனி ஆள் பக்கத்திலேயே நிற்பார் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம், சண்டை போட்டுவிட்டு வெளியேறுவது. கடையில் பந்துகளுக்குப் பத்து பிராண்டுப் பெயர் இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2019-ல் எபோனைட் குழுமத்தை பிரன்ஸ்விக் வாங்கியது. அதன் பிராண்டுகளான ஹேமர், டிராக், கொலம்பியா 300 எல்லாம் கூடவே போயின. ரோட்டோ கிரிப், 900 குளோபல் என்ற பிராண்டுகள் ஸ்டார்ம் கம்பெனியின் கையில். ஒரு கம்பெனியைத் திட்டினால் நாலைந்து கதவு ஒன்றாகச் சாத்திக்கொள்ளும்.

நடத்தை பற்றிய பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவதும் சகஜம். "நிறுவனத்தின் பெயருக்குக் களங்கம்" என்று மொட்டையாக எழுதியிருந்தால் எதையும் அதில் அடக்கலாம். நீக்குவதற்கு முன் எழுத்தில் எச்சரிக்கை உண்டா, அதுவரை ஜெயித்ததற்கான போனஸ் கைக்கு வருமா என்ற இரண்டையும் கையெழுத்துக்கு முன்பே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.