மீன் வாடைக்கு நான் கண்ட வழி

மழைக்காலத்தில் சன்னல்களை அடைத்தே வைத்திருக்கும் எங்கள் அடுக்குமாடி வீட்டில், மதியம் பொரித்த மீனின் வாடை இரவு வரை திரைச்சீலைகளில் தங்கிவிடும். கடையில் வாங்கிய வாசனைத் தெளிப்பான் எனக்குத் தலைவலியைத் தந்ததால், மணப்பொருள்களை அடுப்பில் கொதிக்கவிடும் முறையை முயன்று பார்த்தேன்.

முதல் முயற்சி கெட்டுப்போனது. ஆரஞ்சுத் தோல், பட்டை, கிராம்பு எல்லாவற்றையும் சிறிதளவு தண்ணீரில் ஒன்றாகப் போட்டுப் பெருந்தீயில் வைத்ததில், கால் மணி நேரத்திற்குள் தண்ணீர் சுண்டி, தோல் அடிபிடித்து, வீடெங்கும் கருகல் நெடி பரவியது.

பழத்தோலின் எண்ணெய் எளிதில் ஆவியாகிவிடும். பட்டையும் கிராம்பும் மெதுவாகவே மணம் விடும். ஆகவே இப்போது அடி கனமான பாத்திரத்தில் 1 லிட்டர் தண்ணீர் ஊற்றி, 2 துண்டு பட்டை, 6 கிராம்பு, மண் போக அலசித் துணியில் முடிந்த ஒரு பிடி வெட்டிவேர் ஆகியவற்றைப் போட்டு, கொதி வந்ததும் ஓரத்தில் சிறு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்துவிடுகிறேன். தோலைப் பத்து நிமிடம் கழித்தே சேர்க்கிறேன். தண்ணீர் பாதியானதும் வெந்நீரையே ஊற்றுகிறேன். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஆவி அடங்கி மணமும் நின்றுவிடுகிறது.

இந்த மணம் வாடையை மறைக்குமே அன்றி அகற்றாது என்பதால், பொரித்த சட்டியை உடனே கழுவி, புகைபோக்கி விசிறியை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே இதை அடுப்பில் ஏற்றுகிறேன். அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்வரை சமையலறையை விட்டு அகலுவதில்லை.