கிட்டார் ஒட்டுவேலைக்கு ரப்பர் பட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறை

பசையிட்ட பாகங்களை இறுக்கிப் பிடிக்க இரும்புக் கிளாம்ப்புகள் எத்தனை இருந்தாலும், கிட்டாரின் வளைந்த விளிம்பு, உருண்ட கழுத்து, மெல்ல மேடிட்ட முதுகு ஆகியவற்றில் அவை சரியாக உட்காருவதில்லை. அந்த இடங்களுக்கு இழுத்துச் சுற்றும் ரப்பர் பட்டையே பொருத்தமானது. ஆனால் பட்டை வாங்கும்போது பெரும்பாலோர் அது எவ்வளவு பலமாக இழுக்கிறது என்பதை மட்டுமே பார்க்கிறார்கள். எந்த வடிவத்தின் மேல் அதைச் சுற்றப்போகிறோம் என்பதை முதலில் தீர்மானித்தால்தான், எவ்வளவு பலம், எவ்வளவு அகலம், எந்த வகை ரப்பர் என்பதெல்லாம் தெளிவாகும்.

இழுத்துக் கட்டிய பட்டை, தான் வளையும் இடத்தில் மட்டுமே அழுத்தத்தைத் தருகிறது. தட்டையான பரப்பின் மீது அது எவ்வளவு விறைப்பாக ஓடினாலும் அந்தப் பரப்பை அழுத்துவதில்லை. உட்குழிந்த பரப்பையோ அது தொடுவதே இல்லை, இரு மேடுகளுக்கிடையே நேர்கோடாகப் பாய்ந்துவிடும். இழுவிசையை வளைவின் ஆரத்தாலும் பட்டையின் அகலத்தாலும் வகுத்தால் அழுத்தம் கிடைக்கும். 2 செ.மீ. அகலப் பட்டையை 3 கிலோ விசையில் இழுத்து, 20 செ.மீ. ஆரமுள்ள வளைவின் மேல் ஒரு சுற்றுச் சுற்றினால், சதுர செ.மீட்டருக்கு 75 கிராம் அழுத்தமே விழும். அதே பட்டை 3 மி.மீ. ஆரமுள்ள ஒரு விளிம்பில் திரும்பும்போது அங்கு அழுத்தம் 5 கிலோவாக உயர்ந்துவிடும். பெரிய வளைவில் பைண்டிங் (உடலின் விளிம்பைச் சுற்றி ஒட்டும் மெல்லிய ஓரத்துண்டு) பிரிந்து நிற்பதும், ஸ்புரூஸ் என்ற மென்மரத்தாலான மேல்பலகையின் விளிம்பில் பட்டையின் தடம் பதிவதும் இந்த ஒரே கணக்கின் இரு விளைவுகள்.

ஆகவே பெரிய வளைவுகளுக்குப் பலமான ஒரு பட்டையைத் தேடுவதைவிட, மிதமான பட்டையைப் பல சுற்றுகள் சுற்றுவதே நல்லது. ஒவ்வொரு சுற்றும் தனக்குக் கீழுள்ள சுற்றின் அழுத்தத்தோடு சேர்ந்துகொள்ளும். கூரிய விளிம்புகளில் பட்டைக்கு அடியில் கார்க் துண்டோ தடித்த அட்டையோ வைக்க வேண்டும். கிட்டார் உடல் நடுவில் குறுகும் இடுப்புப் பகுதியில் அதன் உட்குழிவுக்கு ஏற்ப வெட்டிய மரக்கட்டையை வைத்து, அதன் வெளிப்புறம் மேடாக இருக்குமாறு அமைத்து, அதன் மேல் பட்டையைச் செலுத்த வேண்டும். கட்டை இல்லாமல் இடுப்பில் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் அது வீண் வேலை.

ரப்பரின் வகைக்கு வருவோம். இயற்கை ரப்பரால் செய்த லேடெக்ஸ் பட்டை தன் நீளத்தைப் போல் ஐந்து மடங்குக்கு மேலும் நீண்டு, விட்டவுடன் பழைய அளவுக்குத் திரும்பக்கூடியது. பசை பிதுங்கி வெளியேறும்போது பாகங்கள் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு நெருங்குகின்றன. அதிகமாக நீண்டிருக்கும் பட்டை இந்தச் சிறு மாற்றத்தால் தன் இழுவிசையில் எதையும் உணரத்தக்க அளவு இழப்பதில்லை. குறைவாகவே நீளும் பட்டைக்கு அந்தத் தாராளம் கிடையாது. பெரும்பாலான சைக்கிள் டியூப்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரால் ஆனவை; அவை மந்தமாக நீண்டு மந்தமாகத் திரும்புபவை, நேரம் செல்லச் செல்ல இழுவை தளர்வதும் அவற்றில் அதிகம். ஆயினும் வெயிலையும் ஓசோனையும் அவை லேடெக்ஸைவிட நன்றாகத் தாங்கும். தேய்ந்து ஒதுக்கப்பட்ட டியூப்பை நீளவாக்கில் வெட்டினால் ஏறத்தாழ 2 மீட்டர் நீளமுள்ள பட்டைகள் கிடைக்கும் என்பதால், கழுத்து வேலைக்கு இதைவிட எளிய பொருள் இல்லை.

உடற்பயிற்சிக்கென விற்கப்படும் 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள மெல்லிய லேடெக்ஸ் தாள், 2 அல்லது 3 செ.மீ. அகலத்துக்கு வெட்டப்பட்டால் பைண்டிங் வேலைக்கு மிகச் சிறந்தது. கத்தரிக்கோலால் வெட்டும்போது விளிம்பில் ஏற்படும் சிறு பல்லிலிருந்தே பின்னர் கிழிசல் தொடங்கும். எனவே நேர்கோலை வைத்து, கூரிய பிளேடால் ஒரே இழுப்பில் வெட்டுவது நல்லது. உருண்டையான லேடெக்ஸ் குழாய் பலமாக இழுத்தாலும், ஒரு கோட்டில் மட்டுமே தொடுவதால் மென்மரத்தில் பள்ளம் பதிக்கும். துணியுறை போட்ட எலாஸ்டிக் கயிறு பசையை உறிஞ்சி மரத்தோடு ஒட்டிக்கொள்ளும். உறை எட்டும் அளவுக்கு மேல் அது நீளவும் செய்யாது. சிலிகான் பட்டைகளைப் பட்டறைக்குள்ளேயே விடாமலிருப்பது நலம்: மரத்தில் ஒட்டிய சிலிகானின் சிறு தடயம்கூட, பின்னர் பூசும் வார்னிஷைக் குழிகுழியாக விலகச் செய்யும். லேடெக்ஸ் தாளும் பியூட்டைல் டியூப்பும் இருந்தால் ஏறக்குறைய எல்லாப் பணிகளையும் முடித்துவிடலாம் என்பதே என் கருத்து. மற்றவற்றைச் சேர்ப்பதில் அலமாரிதான் நிறையும்.

கறுப்பு ரப்பரில் கலந்துள்ள கரித்தூள் ஸ்புரூஸ், மேப்பிள் போன்ற வெளிர் மரங்களில் கறையை விடக்கூடும். பயன்படுத்தும் முன் அதே மரத்தின் துண்டு ஒன்றைச் சற்று ஈரமாக்கி, பட்டையை இறுகச் சுற்றி, ஓர் இரவு வைத்துப் பார்க்க வேண்டும். டியூப்பின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளை மாவு பசைப் பரப்பில் விழுந்தால் ஒட்டு பலவீனமாகும். ஆகவே சோப்பு நீரில் கழுவி உலர்த்திய பிறகே டியூப்பை மேசைக்குக் கொண்டுவர வேண்டும். பழுதுபார்க்கும் வேலையில், நைட்ரோசெல்லுலோஸ் வார்னிஷ் பூசிய பரப்பின் மீது எந்த ரப்பரையும் நேரடியாகப் படவிடக்கூடாது. ரப்பரும் அதிலுள்ள சேர்மங்களும் அந்த வார்னிஷை மென்மையாக்கி நிறம் மாற்றிவிடும். மெல்லிய துணி மட்டும் இதற்குப் போதிய காப்பாகாது.

விரல்பலகையை, அதாவது தந்திகளை விரலால் அழுத்தும் பலகையை, கழுத்தின் மேல் ஒட்டுவது, பட்டையின் ஆற்றலையும் எல்லையையும் சேர்த்தே காட்டும் பணி. விரல்பலகையின் மீது குறைந்தது 2 செ.மீ. தடிமனுள்ள நேரான அழுத்துகட்டையை வைத்து அதையும் கழுத்தையும் சேர்த்துச் சுற்றும்போது, ஒவ்வொரு சுற்றும் இருபுறமும் இழுப்பதால் இழுவிசையின் இருமடங்கு கீழ்நோக்கி விழுகிறது. 3 கிலோ இழுவையில் 2 செ.மீ. பட்டையை இரண்டு அடுக்குகளாக ஏறத்தாழ 30 சுற்றுகள் சுற்றினால் மொத்தம் 180 கிலோ கிடைக்கும். 650 மி.மீ. தந்தி நீளமுள்ள கிளாசிக்கல் கிட்டாரில் 12-ஆவது ஃப்ரெட் (விரல்பலகையின் குறுக்கே பதிக்கும் உலோகக் கம்பி) வரையான ஒட்டுப்பரப்பு சுமார் 185 சதுர செ.மீ.; ஆக, சதுர செ.மீட்டருக்கு ஒரு கிலோ. மரவேலைப் பசை தயாரிப்பாளர்கள் மென்மரத்துக்குச் சுமார் 7 கிலோவிலிருந்து வன்மரத்துக்குச் சுமார் 17 கிலோ வரை கேட்கிறார்கள். இந்த இடைவெளியைப் பட்டையால் நிரப்ப முடியாது. இழைப்புளியால்தான் நிரப்ப வேண்டும். இரு பரப்புகளையும் ஒளி நுழையாத அளவுக்குச் சீவிப் பொருத்தியிருந்தால் இந்த ஒரு கிலோ போதும். பொருந்தாத இணைப்பைப் பட்டையால் வலிந்து மூட நினைப்பவர் கிளாம்ப்புகளையே நாட வேண்டும். அழுத்துகட்டை மெல்லியதாக இருந்தால் ஓரங்களில் வளைந்து நடுவில் தூக்கிக்கொள்ளும் என்பதையும் மறக்கக்கூடாது.

ஈரப்பசை வழுக்கும், பட்டையைச் சுற்றும்போது அது மேலுள்ள பாகத்தைச் சுற்றும் திசையிலேயே இழுத்துச் செல்லும். ஃப்ரெட் வெட்டுகளில் இரண்டு மெல்லிய ஊசிகளை இறக்கி விரல்பலகையை நிலைநிறுத்திக்கொண்டு, முதலில் சில சுற்றுகளைத் தளர்வாகப் போட்டுப் பின்னர் இறுக்க வேண்டும். பெட்டியை மூடும்போது, அதாவது முதுகுப்பலகையைப் பக்கப்பலகைகளின் மேல் ஒட்டும்போது, ஒரு திசையில் சுற்றிய பட்டைக்கு எதிர்த்திசையில் அடுத்ததைச் சுற்றினால் இழுப்பு சமன்படும். 37 செ.மீ. அகலமும் 10 செ.மீ. ஆழமும் உள்ள கீழ்ப்பகுதியைக் குறுக்காகச் சுற்ற ஒரு சுற்றுக்கு 94 செ.மீ. தேவை, இழுத்த நிலையில் பட்டை இருமடங்காகும் என்று கொண்டால் 2 மீட்டர் டியூப் நான்கு சுற்றுகளுக்குக் காணும். வளையமாக மூடிய பட்டைகள் விரைவாகப் போடக்கூடியவை. ஆனால் ஈரமான இணைப்பின் மேல் அவற்றை இழுத்து ஏற்றும்போது பாகம் நகர்ந்துவிடும். நீளப்பட்டைதான் கைக்கு அடங்கும்.

பசையின் வேகமும் தேர்வைப் பாதிக்கும். பி.வி.ஏ. மரப்பசை ஏறத்தாழ 5 நிமிடத்தில் தோல் கட்டத் தொடங்குவதால், பசையில்லாமல் ஒருமுறை முழுதாகச் சுற்றிப் பார்த்துவிட வேண்டும். விலங்குத் தோலிலிருந்து செய்யும் சூடான வச்சிரப் பசை அதைவிட விரைவாக உறைவதால், நீண்ட சுற்றுவேலைக்கு அது ஒத்துவராது. எபாக்சிக்கோ மென்மையான பிடிப்பே தேவை, அதிக இறுக்கம் பசையை வெளியே துரத்திவிடும். பிளாஸ்டிக் பைண்டிங்கைக் கரைப்பான் கலந்த பசையால் ஒட்டுகையில் பிளாஸ்டிக்கே இளகுவதால், பட்டையின் விளிம்பு அதில் பதியும். அங்கே ஒட்டுநாடாவே மேல்.

உள்விளிம்பு லைனிங்கை, அதாவது பக்கப்பலகைகளின் உள்ளே ஓரமாக ஓடும் மரப்பட்டியை, ஒட்ட, துணிக் கிளிப்புகளின் வாய்ப்பகுதியில் 6 மி.மீ. அகலமுள்ள அலுவலக ரப்பர் பேண்டுகளைச் சுற்றினால் அவற்றின் பிடி இறுகும். மேல்பலகையில் தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜும் தலைப்பகுதியின் மேல்தகடும் தட்டையானவை. அவற்றில் பட்டைக்கு வேலையில்லை.

வாங்கிய பட்டையைப் பயணப்பெட்டி எடைபார்க்கும் கொக்கித் தராசில் மாட்டி, இருமடங்காக இழுத்து எடையைக் குறித்துக்கொண்டு, ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் பார்த்தால் அது எவ்வளவு தளர்கிறது என்பது புலப்படும். பழைய பட்டையை இழுத்து வெளிச்சத்தில் பார்க்கும்போது மேற்பரப்பில் வெடிப்புகள் தெரிந்தால் அதை எறிந்துவிட வேண்டும். இறுக்கத்தில் அறுந்த பட்டை கண்ணைத் தாக்கும். காப்புக் கண்ணாடி அணிந்தே சுற்ற வேண்டும். ஓசோன் உண்டாக்கும் மின்மோட்டார்களுக்கு அருகில் லேடெக்ஸை வைக்காமல், குளிர்ந்த இருட்டான பெட்டியில் டால்க் மாவு தூவி வைத்தால் அது நீண்ட நாள் உழைக்கும்.

இடைவெளியின்றிச் சுற்றிய ரப்பர், பசையின் ஈரத்தை வெளியே விடுவதில்லை. எனவே சுற்றுகளுக்கிடையே விரலளவு சந்துகள் விட்டால் பிதுங்கும் பசையும் கண்ணுக்குத் தெரியும், ஈரமும் வெளியேறும். விரல்பலகையைப் போல் இடைவெளி விட இயலாத வேலையில், பட்டையை அவிழ்த்த பிறகு ஒரு நாள் முழுதும் காயவிட்டே சீவ வேண்டும். ஈரத்தால் உப்பியிருக்கும் இணைப்பை அப்போதே சமன் செய்துவிட்டால், மரம் உலர்ந்து சுருங்கியதும் அந்தக் கோடு பள்ளமாகத் தெரியும்.