எல்டிஎல் ஆக்சிஜனேற்றச் சோதனை: முடிவைக் கெடுக்கும் தவறுகள்

'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்டிஎல் துகள் எவ்வளவு நேரம் ஆக்சிஜனேற்றத்தைத் தாங்குகிறது என்று பார்க்கும் சோதனை இது. ரத்தத்திலிருந்து பிரித்த எல்டிஎல் கரைசலில் ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டக் கொஞ்சம் காப்பர் சல்பேட் சேர்த்து, 37 டிகிரி செல்சியஸில் வைத்து, ஆக்சிஜனேற்றமடைந்த கொழுப்பு உறிஞ்சும் 234 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சலைத் தொடர்ந்து பதிவு செய்ய வேண்டும். எல்டிஎல் துகளுக்குள் இருக்கும் வைட்டமின் ஈ போன்ற காப்புப் பொருள்கள் தீரும் வரை கோடு கிட்டத்தட்ட படுத்தே கிடக்கும், அப்புறம் விறுவிறுவென ஏறும். ஏறத் தொடங்கும் வரையிலான நேரத்தைத் தாமத நேரம் என்கிறோம். ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் ஹெர்மன் எஸ்டர்பாவரின் குழு 1989-இல் வெளியிட்ட முறை இது. சொல்வதற்கு எளிது. ஆனால் செம்பைச் சேர்ப்பதற்கு முன்பே பெரும்பாலான சோதனைகள் கெட்டுவிடுகின்றன.

பெரிய வில்லங்கம் இடிடிஏ, அதாவது ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும், உலோகங்களைக் கவ்வும் பொருள். ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுத்தால் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு ஏறத்தாழ 1.8 மில்லிகிராம் இடிடிஏ இருக்கும். அதாவது 4 மில்லிமோலாருக்கும் மேல். நாம் சேர்க்கும் செம்போ சில மைக்ரோமோலார்தான். பிளாஸ்மாவை 50 மடங்கு நீர்த்தாலும், மிஞ்சும் இடிடிஏ அத்தனை செம்பையும் கவ்விக்கொள்ளும். கோடு ஏறவே ஏறாது. 'இவருடைய எல்டிஎல் எவ்வளவு உறுதியானது!' என்று தவறாக முடிவு கட்டிவிடுவோம். எல்டிஎல்லைப் பிரிக்கும்வரை அதைக் காக்க இடிடிஏ வேண்டும்தான். ஆனால் சோதனைக்கு முன் டயாலிசிஸ் செய்தோ (சவ்வுப் பையில் வைத்துக் கரைசலில் ஊறவிட்டோ), உப்பு நீக்கும் சிறு கலம் வழியாக ஓட்டியோ அதை அகற்றியாக வேண்டும். கலம் என்றால் சில நிமிடங்களில் வேலை முடியும் என்பதால் என் ஓட்டு அதற்குத்தான். இடிடிஏ போன பின் எல்டிஎல்லுக்குப் பாதுகாப்பு இல்லை, அன்றே சோதித்துவிடுங்கள். பிரிக்காமல் முழுப் பிளாஸ்மாவைச் சோதிப்பதானால் ஊதாக் குழாயே வேண்டாம், ஹெப்பாரின் குழாயில் எடுங்கள்.

அடுத்தது ஃப்ரீசர். பிரித்த எல்டிஎல்லை அப்படியே உறைய வைத்தால் துகள்கள் உடைந்து ஒட்டிக்கொள்ளும். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், சுக்ரோஸ் சேர்த்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம். பின்னர் அதே மாதிரியில் ஆக்சிஜனேற்றத்தில் உண்டாகும் பொருள்களை நிறத்தால் அளக்கும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனையும் செய்யும் எண்ணம் இருந்தால் கவனம்: சர்க்கரையும் அந்த அமிலத்தோடு வினைபுரிந்து நிறம் தரும். கொதிக்க வைக்கும்போதே புதிதாக ஆக்சிஜனேற்றம் நடப்பதால், அந்தச் சோதனையில் பிஎச்டி (BHT) எனும் ஆக்சிஜனேற்றத் தடுப்பானைச் சேர்க்காமல் எடுத்த அளவை நான் நம்ப மாட்டேன்.

ஒளி அளக்க மாதிரியை ஊற்றும் சிறு குப்பியான கியூவெட் குவார்ட்ஸாக இருக்கட்டும். சாதாரணக் கண்ணாடி 234 நானோமீட்டர் ஒளியை விடாது. தாங்கல் கரைசலில் (பஃபர்) ஒட்டியிருக்கும் இரும்பும் செம்பும் தாமாகவே வினையைத் தூண்டும், ஆகவே அதை உலோகம் நீக்கும் பிசின் வழியாக ஓட்டுவது நல்லது. எல்லாக் கியூவெட்டிலும் எல்டிஎல் புரத அளவு ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எண் சரியாக வந்த பிறகும் ஒரு தவறு காத்திருக்கிறது. பிரிக்கும்போது வைட்டமின் சி, யூரிக் அமிலம் போன்ற நீரில் கரையும் காப்புப் பொருள்கள் கழன்றுவிடுகின்றன. ஆக, தாமத நேரம் எல்டிஎல் துகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது, அந்த மனிதரின் ரத்தநாளத்தைப் பற்றி அல்ல. வைட்டமின் ஈ மாத்திரை தாமத நேரத்தை நீட்டும் என்பது பல முறை காட்டப்பட்டது. ஆனால் 9,500-க்கும் மேற்பட்டோருக்கு நடந்து 2000-இல் வெளியான ஹோப் ஆய்வில், தினமும் 400 அலகு வைட்டமின் ஈ கொடுத்தும் மாரடைப்பு குறையவில்லை. நோயாளியின் அறிக்கையில் தாமத நேரத்தை இதய நோய் அபாயமாக எழுதுவது எனக்குக் கொஞ்சமும் ஏற்பில்லை.

ஒருவரின் சிகிச்சைக்கு முன், பின் மாதிரிகளை ஒப்பிடுகிறீர்களா? இரண்டையும் ஒரே நாளில், ஒரே செம்புக் கரைசலில், பக்கத்துப் பக்கத்துக் கியூவெட்டில் ஓட்டுங்கள். கூடவே, எல்லா நாளும் ஒரே பிளாஸ்மாக் கலவையிலிருந்து எடுத்த ஒரு கட்டுப்பாட்டு மாதிரியும் ஓடட்டும். அதன் தாமத நேரம் வழக்கத்தைவிட நகர்ந்திருந்தால், அன்றைய எண்கள் எதையும் குறித்துக்கொள்ளாதீர்கள்.