பெர்லின் பிசினஸ் ஹோட்டலில் முதல் முறை: அறை போடுவதிலிருந்து பில் வாங்குவது வரை

அலுவலக வேலையாகப் பெர்லின் போகிறீர்கள், ஹோட்டலை நீங்களே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள் என்றால் இந்தப் பதிவு உங்களுக்குத்தான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வரும் ரூம் பாயை அங்கே நடுத்தர ஹோட்டல்களில் எதிர்பார்க்காதீர்கள். கேட்டால் செய்வார்கள், தானாக வந்து விசாரிக்க மாட்டார்கள். ஆகவே எதை எப்போது கேட்பது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிரமம் போய்விடும்.

படி 1: இடமும் தேதியும்

மீட்டிங் எங்கே என்று பார்த்துவிட்டு, அதற்கு நேர் ரயில் இருக்கும் ஸ்டேஷன் பக்கமாகத் தேடுங்கள். மத்திய ரயில் நிலையம், ஃப்ரீட்ரிஷ் ஸ்ட்ராசே, அலெக்ஸாண்டர் பிளாட்ஸ், மேற்கே ஸூ ஸ்டேஷன் ஆகிய நான்கும் ஒரே எஸ்-பான் (நகர ரயில்) தடத்தில் வருவதால் எங்கே தங்கினாலும் கஷ்டமில்லை. மார்ச்சில் ஐடிபி சுற்றுலாக் கண்காட்சி, செப்டம்பரில் ஐஎஃப்ஏ மின்னணுக் கண்காட்சி நடக்கும் நாட்களில் அதே அறையின் விலை எங்கோ போய்விடும். தேதியைத் தள்ளிப்போட முடிந்தால் தள்ளிப்போடுங்கள்.

விலையைப் பார்க்கும்போது நகர வரியையும், அதாவது ஹோட்டலில் தங்குவதற்கு நகரம் போடும் வரியையும், சேர்த்துக் கணக்குப் போடுங்கள். 2025 ஜனவரி முதல் அது 7.5 சதவீதம். அலுவல் பயணிகளுக்கு வரி இல்லை என்று பழைய பதிவுகளில் இருக்கும். அந்த விலக்கு 2024 ஏப்ரல் முதலே கிடையாது.

படி 2: செக்-இன் மேசையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள்

இந்தப் படிதான் முக்கியம். நம் ஊரிலிருந்து போகும் விமானங்கள் பல காலையிலேயே இறங்கிவிடும். அறையோ பெரும்பாலும் மதியம் 3 மணிக்குத்தான் கிடைக்கும். நேராகப் போய், அறை முன்கூட்டியே தயாரா என்று கேளுங்கள். இல்லையென்றால் பெட்டிகளை அங்கேயே வைத்துவிட்டு ஊரைச் சுற்றப் போகலாம்.

பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்து, ஒரு பதிவுப் படிவத்தில் கையெழுத்துக் கேட்பார்கள். வெளிநாட்டவர் எல்லோருக்கும் உள்ள சட்டம்தான், பதற வேண்டாம். கிரெடிட் கார்டில் ஒரு தொகையைப் பிடித்து வைப்பதும் உண்டு. அது கட்டணம் இல்லை, பிறகு விடுவித்துவிடுவார்கள். டெபிட் கார்டு கொடுத்தால் அந்தப் பணம் சில நாள் முடங்கும் என்பதால் கிரெடிட் கார்டே நல்லது.

அங்கே நிற்கும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, பில்லில் கம்பெனியின் முழுப் பெயரும் முகவரியும் வர வேண்டும். கடைசி நாள் காலையில் வரிசையில் நின்றுகொண்டு இதைச் சொல்வது வீண் அலைச்சல். இரண்டு, தெருப் பக்கம் இல்லாத அறை வேண்டும். மூன்று, இஸ்திரிப் பெட்டியும் கெட்டிலும். எல்லா அறைகளிலும் இவை இருக்காது, கேட்டால் தருவார்கள்.

படி 3: அறைக்குள்

கதவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உறை இருந்தால், சாவி அட்டையை அதில் செருகினால்தான் விளக்கு எரியும். ஜன்னல் கைப்பிடி கீழ்நோக்கி இருந்தால் பூட்டியிருக்கிறது. கிடைமட்டமாகத் திருப்பினால் கதவுபோலத் திறக்கும். மேல்நோக்கித் திருப்பினால் ஜன்னலின் மேல் பக்கம் மட்டும் உள்ளே சாயும். கீல் கழன்றுவிட்டது என்று பயந்து ரிசப்ஷனுக்குப் போன் செய்ய வேண்டாம். காற்று வர அப்படித்தான் வைப்பார்கள். ஹீட்டர் குமிழில் 3 என்றால் சுமார் 20 டிகிரி.

அங்கே மின்சாரம் 230 வோல்ட், நம் ஊர்போலத்தான். மெல்லிய இரண்டு முள் உள்ள போன் சார்ஜர் அப்படியே நுழையும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக் நுழையாது. உருண்டை முள் உள்ள ஐரோப்பிய அடாப்டரை இங்கேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறையில் கைஷவர் கிடையாது, காகிதம்தான். குழாயில் நிரப்பிக்கொள்ள ஒரு காலி பாட்டில் போதும். ஆனால் ஷவர் பகுதிக்கு வெளியே தரையில் வடிகால் இருப்பது அபூர்வம், தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். பாட்டில் தண்ணீர் பல நேரம் சோடா போட்டது, வாங்கும்போது 'ஸ்டில்' என்று கேளுங்கள்.

அறையில் குக்கர் வைப்பது, ஊதுபத்தி ஏற்றுவது வேண்டவே வேண்டாம். புகை அலாரம் அடித்து ஃபயர் சர்வீஸ் வந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழலாம்.

சானா (வியர்க்க உட்காரும் சூடான அறை) இருக்கிறதே, போகலாமா என்றால், தாராளமாகப் போகலாம். ஆனால் ஜெர்மன் சானாவில் துணி இல்லாமல் உட்காருவதுதான் வழக்கம், பல இடங்களில் ஆணும் பெண்ணும் சேர்ந்தே. விரித்து உட்கார ஒரு துண்டு மட்டும். டீம் லீடரோடு போவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

படி 4: காலைச் சாப்பாடு

இதைச் சேர்த்தே அறையைப் போடுங்கள் என்பேன். கெட்டியான பன், பலவகை சீஸ், வேகவைத்த முட்டை, மியூஸ்லி (ஓட்ஸும் உலர்பழமும் கலந்தது), பழம் எல்லாம் இருக்கும். இனிப்புச் சேர்க்காத தயிரும் அநேகமாக இருக்கும், தயிர்சாதக் கட்சிக்கு அது பெரிய ஆறுதல். தட்டில் மெல்லிதாக அடுக்கியிருக்கும் இறைச்சியில் பெரும்பகுதி பன்றி. பொரித்த முட்டையிலும் அது கலந்திருக்கலாம் என்பதால் சைவர்கள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். வயிறு நிறையச் சாப்பிடலாம், மதியத்துக்குப் பொட்டலம் கட்டினால் முறைப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்குகிறவர்கள் கவனிக்க: அன்று சூப்பர் மார்க்கெட்டுகள் மூடியிருக்கும். மத்திய ரயில் நிலையம் போன்ற பெரிய ஸ்டேஷன்களுக்குள் இருக்கும் கடைகள் கைகொடுக்கும்.

படி 5: கிளம்பும்போது

முந்தின நாள் இரவே பில்லின் நகல் கேட்டுப் பாருங்கள். அறை வாடகை, காலைச் சாப்பாடு, நகர வரி மூன்றும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருந்தால் நம் ஊர் அக்கவுண்ட்ஸ் ஆட்கள் கேள்வி கேட்க மாட்டார்கள். விமானம் மாலையில் என்றால் பெட்டியை மறுபடி ரிசப்ஷனில் வைக்கலாம். விமான நிலையத்துக்கு ஏபிசி மண்டல டிக்கெட் (ஏ, பி, சி என்ற மூன்று கட்டண மண்டலங்களுக்கும் செல்லும் ரயில் டிக்கெட்) எடுக்க வேண்டும். காகித டிக்கெட் என்றால், ஏறும் முன் பிளாட்பாரத்தில் உள்ள சின்ன இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள். குத்தாமல் ஏறி மாட்டினால் 60 யூரோ அபராதம், ஊருக்குப் புதிது என்று சொன்னாலும் விட மாட்டார்கள்.