நாய், பூனைக்கு எடை குறைப்பது எப்படி?

விலாவைத் தடவிப் பாருங்கள். விரித்த கையின் புறங்கை எலும்புகளைப்போல லேசாகத் தட்டுப்பட வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் எடை கூடிவிட்டது.

தீவனத்தை டம்ளரில் அளக்காமல் தராசில் நிறுங்கள். கணக்கு, இப்போதுள்ள எடைக்கு அல்ல. இருக்க வேண்டிய எடைக்கு. 36 கிலோ லாப்ரடார் 30 கிலோவுக்கு வர, நாளுக்குச் சுமார் 900 கிலோகலோரி போதும். 100 கிராமில் 350 கிலோகலோரி உள்ள உலர்தீவனம் என்றால் 230 கிராம்; மிச்சம் 90 சொச்சம்தான் தின்பண்டத்துக்கு. பெரும்பாலும் கோட்டைவிடுவது இங்கேதான்: வீட்டில் ஆளுக்கு இரண்டு பிஸ்கட் போட்டால் கணக்கு காலி. பதிலுக்கு வெள்ளரித் துண்டு, உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ் கொடுக்கலாம். திராட்சையும் வெங்காயமும் நஞ்சு.

இந்த லாப்ரடாருக்கு வாரத்துக்கு 350 முதல் 700 கிராம் வரை குறைந்தால் சரி. அளவு பிசகாமல் கொடுத்தும் மாதக்கணக்கில் குறையவில்லையென்றால் தைராய்டு பரிசோதனை தேவை.

பூனையைப் பட்டினி போடவே கூடாது. கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டால் கொழுப்பு ஈரலில் குவிந்து உயிருக்கே ஆபத்தாகும். 6 கிலோ பூனைக்கு வாரம் 30 முதல் 60 கிராம் குறைந்தாலே போதும். அதைக் காட்ட, குழந்தைகளை நிறுக்கும் தராசு வேண்டும்.